கடல் விளையாட்டு என்றொரு பெயர்

அந்தமானில் ஒரு தீவுக்குப் போக இரண்டு பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் கிடைக்கும் டிக்கெட்டில் அதன் பெயர் ஸ்வராஜ் த்வீப். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பவர்கள் வாயில் அது ஹேவ்லாக். 2018 டிசம்பர் 30 அன்று அரசு பெயரை மாற்றியது. கூடவே பக்கத்துத் தீவான நீல், ஷஹீத் த்வீப் ஆனது. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. படகு புறப்படும் ஊரே 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.

எனக்கு முன்னால் நின்ற ராமநாதபுரத்துக்காரர் முப்பது வருஷமாக இங்கே மளிகைக் கடை வைத்திருப்பவர். (தீவுகளில் வங்காளி, இந்தி பேசுவோருக்கு அடுத்த எண்ணிக்கை தமிழர்கள்தான்.) "பேப்பர்ல எழுதறப்ப ஸ்வராஜ்னே எழுதுங்க சார். அங்க எறங்கி ஆட்டோகாரர்கிட்ட பேசறப்ப மட்டும் ஹேவ்லாக்னு சொல்லுங்க" என்றார். அனுபவசாலியின் யோசனை. அப்படியே செய்தேன்.

ஆனால் ஹேவ்லாக் என்றால் என்ன? ஆண்டுக்காண்டு பெருகும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். கொஞ்சம் சரித்திரம் படித்தவர்களுக்கு அது ஒரு வெள்ளைக்கார ஜெனரல். அந்த ஜெனரலுக்கு முன்பே, ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் கடலோரங்களில் அலைந்த ஒரு பெயர் அது என்பது மூன்றாவது செய்தி. மூன்றில் இதுதான் எனக்குச் சுவாரஸ்யம்.

நமக்குக் குடும்பப் பெயர் என்ற சமாச்சாரமே சற்று அந்நியம். ஊரின் முதல் எழுத்து, அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். வடக்கே எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் 'சர்நேம்' என்ற கட்டத்தில் தமிழன் திகைத்து நிற்பான். கடைசியில் அப்பா பெயரை எழுதிவிட்டு, ஓட்டல் வரவேற்பறையில் அப்பா பெயராலேயே மிஸ்டர் போட்டு அழைக்கப்படுவான். இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் ஒற்றைப் பெயர்தான். 1066-ல் நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகு, அடுத்த சில நூற்றாண்டுகளில்தான் குடும்பப் பெயர்கள் கெட்டிப்பட்டன. ஊர், தொழில், தகப்பன் பெயர், பட்டப் பெயர் என்று நாலு வழிகளில் அவை வந்தன. கொல்லன் ஸ்மித் ஆனான்; ஜானின் மகன் ஜான்சன் ஆனான்.

ஹேவ்லாக் இதில் மூன்றாவது வகை. யாரோ ஒரு மூதாதையின் சொந்தப் பெயர் பரம்பரைக்கே ஒட்டிக்கொண்டது. சொல் ஆங்கிலமல்ல. டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங் கப்பல்களில் வந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் குடியேறியவர்களின் மொழிச் சொல் என்பது பரவலான கருத்து. ஹாஃப் என்றால் கடல். லெய்க்ர் என்றால் விளையாட்டு. கடல் விளையாட்டு! ஸ்கூபா டைவிங் பலகைகளும் கண்ணாடி அடிப் படகுகளும் நிறைந்த ஒரு தீவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தச் சுற்றுலாத் துறையும் கமிட்டி போட்டு யோசித்திருக்க முடியாது. ஓலாஃப் என்ற பெயர் வெல்ஷ்காரர்களின் நாக்கில் புரண்டு இப்படி ஆனது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கடல் தாண்டி வந்த பெயர்தான்.

அந்தப் பெயருக்கு ஒரு காவியமும் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய ஆங்கிலத்துக்கும் இன்றைய ஆங்கிலத்துக்கும் இடைப்பட்ட ஒரு மொழியில் எழுதப்பட்டது. ஏறத்தாழ 3,000 வரிகள். பெயர் 'டென்மார்க் ஹேவ்லாக்'. ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கும் ஒரே சுவடி ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. புனிதர்களின் வரலாறுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்ததை ஃபிரெடரிக் மாடன் என்பவர் கண்டெடுத்து 1828-ல் அச்சிட்டார். உ.வே.சா. கதை போலத்தான், ஊருக்கு ஊர் இப்படி ஒருவர்.

கதை இதுதான். டென்மார்க் அரசன் சாகும்போது பிள்ளைகளை நண்பன் ஒருவனிடம் ஒப்படைக்கிறான். அவன் அரியணைக்கு ஆசைப்பட்டு இரண்டு பெண் குழந்தைகளையும் கொன்றுவிடுகிறான். ஆண் குழந்தை ஹேவ்லாக்கைக் கடலில் மூழ்கடிக்கச் சொல்லி, கிரிம் என்ற ஏழை மீனவனிடம் கொடுக்கிறான். நடுராத்திரியில் குழந்தையின் வாயிலிருந்து சூரியக் கதிர் போல வெளிச்சம் வருவதை மீனவன் மனைவி பார்க்கிறாள். தோளில் ராஜ முத்திரை. மீனவன் ஆடு மாடு, வலை, வீடு எல்லாவற்றையும் விற்றுப் படகைச் செப்பனிட்டுக் குடும்பத்தோடு இரவோடு இரவாகக் கடலில் இறங்குகிறான். இங்கிலாந்தில் அவன் கரையேறிய இடம்தான் கிரிம்ஸ்பி என்ற ஊர் என்கிறது காவியம். அந்த ஊரின் பழைய முத்திரையில் மீனவன், ஹேவ்லாக், அவன் கைப்பிடித்த இளவரசி மூவரும் இருக்கிறார்கள். பஞ்சம் வந்தபோது இளவரசன் லிங்கன் நகரில் ஒரு சமையல்காரனிடம் தண்ணீர் தூக்கியும் மீன்கூடை சுமந்தும் வயிறு வளர்க்கிறான். கடைசியில் இரண்டு நாட்டுக்கும் ராஜா ஆகிறான். இடையில் வருவதெல்லாம் நம் ஊர்ப் படங்களில் நீங்கள் பார்த்ததுதான்.

கொல்லப்படவிருந்த குழந்தை, நள்ளிரவு, தண்ணீரைக் கடந்து காப்பாற்றும் கைகள், எளிய குடியில் வளரும் ராஜகுமாரன். இதைக் கேட்டதும் உங்களுக்கு யமுனையும் கோகுலமும் நினைவுக்கு வந்திருக்கும். இப்போது ஹேவ்லாக் தீவின் கிராமப் பெயர்களைக் கேளுங்கள்: கோவிந்த் நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர். நீல் தீவில் வரிசை மாறுகிறது: சீதாபூர், பரத்பூர், ராம் நகர், லக்ஷ்மண்பூர். தற்செயல்தான். அந்தக் காவியம் எழுதப்பட்ட மொழியைக் கிராமத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

இந்தக் கிராமங்களுக்கு மக்கள் வந்ததும் படகில்தான். பிரிவினைக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை அரசு கல்கத்தாவில் கப்பலேற்றி 1950-களில் இந்தத் தீவுகளில் குடியமர்த்தியது. வங்கத்துப் பாஷையில் காலாபானி என்றால் நாடு கடத்தல். திரும்பி வராத பயணம். அந்தப் பெயருக்குப் பயந்து கல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. துணிந்து வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. அதன்மேல் காடு நின்றது. வெட்டி, எரித்து, வேர் பறித்து நெல்லும் பாக்கும் தென்னையும் வைத்தார்கள். இன்று ரிசார்ட்டுகளுக்குப் பின்புறம் சைக்கிளில் போனால் வாழைக்கும் பாக்குக்கும் நடுவே தகரக் கூரை வீடுகள், வாசலில் துளசி மாடம், குட்டையில் வாத்து. கடலை மறந்துவிட்டால் பரிசால் மாவட்டத்தில் இருப்பதாக நினைக்கலாம். அந்த முதல் தலைமுறையில் இன்னும் இருக்கும் கிழவர்களிடம் பெயர் மாற்றம் பற்றிக் கேட்டால், பேச்சு இரண்டு நிமிஷத்தில் நிலப் பட்டாவுக்கும் குடிதண்ணீருக்கும் போய்விடுகிறது.

ஜெனரலுக்கு வருவோம்.

ஹென்றி ஹேவ்லாக் 1795-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் சண்டர்லாந்து பக்கத்தில் பிறந்தார். தந்தை கப்பல் கட்டுபவர், பெயருக்குப் பொருத்தம். மகன் தரைப்படைக்குப் போனார். பர்மா, ஆப்கானிஸ்தான், சீக்கியப் போர்கள் என்று பல சண்டைகள். பதவி உயர்வு மட்டும் ஆமை வேகம். செராம்பூர் பாதிரியார் ஜோஷுவா மார்ஷ்மனின் மகள் ஹன்னாவை மணந்து பாப்டிஸ்ட் ஆனவர். சிப்பாய்களைக் குடிக்க விடமாட்டார். பைபிள் வகுப்பு நடத்துவார். மற்றப் படைப்பிரிவினர் அவர் ஆட்களை 'ஹேவ்லாக்கின் புனிதர்கள்' என்று கேலி செய்தார்கள். 1857-ல் பாரசீகச் சண்டை முடிந்து பம்பாயிலிருந்து கப்பலில் வரும்போது இலங்கைக் கரையருகே கப்பல் தரைதட்டி உடைந்தது. கடல் அப்போதும் அவரோடு விளையாடியது. உயிர் தப்பி, சென்னை வழியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தவரிடம் ஒரு படையைக் கொடுத்து, கான்பூரையும் லக்னோவையும் மீட்கச் சொன்னார்கள். ஜூலையில் கான்பூரைப் பிடித்தார். செப்டம்பர் 25-ல் லக்னோ ரெசிடென்ஸிக்குள் நுழைந்தார். உள்ளே போன படையும் அங்கேயே மாட்டிக்கொண்டது. நவம்பர் 24-ல் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஆலம்பாக்கில் புதைத்தார்கள்.

இங்கிலாந்தில் உணர்ச்சிப் பெருக்கு. 1861-ல் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் சிலை. சிங்கப்பூரில் சாலை, நியூசிலாந்தில் ஊர். வெயிலுக்குத் தொப்பியின் பின்னால் தொங்கவிடும் துணிக்கும் ஹேவ்லாக் என்றே பெயர் வந்து அகராதியிலும் ஏறிவிட்டது. கொழும்பில் உள்ள ஹேவ்லாக் டவுன் மட்டும் இவருடையதல்ல. அது இவர் அண்ணன் மகன் ஆர்தர் ஹேவ்லாக்கின் பெயர். இலங்கை கவர்னராக இருந்து, பிறகு 1896 முதல் 1900 வரை சென்னை கவர்னராக இருந்தவர் அவர். ராஜமுந்திரியில் கோதாவரி மேல் 1900-ல் திறந்து 1997 வரை ரயில் ஓடிய பழைய பாலமும் அவர் பெயரில்தான். சித்தப்பாவும் மகனும் பங்கு போட்டுக்கொண்டு பெயரை விதைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு புகழுக்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. 2000-ல் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், டிராஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் இந்த ஜெனரல்கள் யாரென்றே தனக்குத் தெரியாது, அப்புறப்படுத்தலாம் என்றார். சிலை இன்னும் அங்கேதான் இருக்கிறது. சொந்த ஊரிலேயே மறந்துபோன ஒருவரின் பெயரை, அவர் ஒருபோதும் கால் வைக்காத அந்தமானில் பிள்ளைகள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஹேவ்லாக்கும் நீலும் அடங்கிய தீவுக் கூட்டத்துக்கு ரிச்சி தீவுகள் என்று பெயர். ரிச்சி ஒரு கடல் நில அளவையாளர், அது போகட்டும். கூட்டத்தில் உள்ள மற்றப் பெயர்களைப் பாருங்கள். அவுட்ராம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நிக்கல்சன், வில்சன், பீல், இங்கிலிஸ். இது தீவுகளின் பட்டியல் அல்ல, 1857-ல் வெள்ளையர் பக்கம் நின்ற தளபதிகள், அதிகாரிகளின் வருகைப் பதிவேடு. லக்னோவைக் காத்தவர், டெல்லியைப் பிடித்தவர், பஞ்சாபை அடக்கி வைத்தவர் என்று யாரும் விடுபடவில்லை.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள் எங்கே? அவர்களும் இங்கேதான். 1858 மார்ச் 10-ல் டாக்டர் ஜேம்ஸ் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். செல்லுலார் சிறை அப்போது இல்லை. அது 1906-ல் கட்டி முடிந்தது. திறந்த காட்டில், கால் விலங்கோடு, மரம் வெட்டும் வேலை. தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80-க்கு மேற்பட்டோரை வாக்கர் சில மாதங்களுக்குள் தூக்கிலிட்டார். தோற்றவர்களைக் கொண்டுவந்து அடைத்த கடலில், ஜெயித்தவர்களின் பெயர்கள் ஒவ்வொரு தீவாக ஏறின.

இதில் நீல் என்ற பெயர் தமிழர்களுக்குப் பழைய பாக்கி. இந்திக்காரப் பயணிகள் பலர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து நீலம் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். உண்மையில் அது நியால் என்ற பழைய அயர்லாந்துப் பெயர். ஓ'நீல், மக்நீல், நெல்சன் எல்லாம் இந்த ஒரே வேரின் கிளைகள். வைக்கிங்குகளோடு ஐஸ்லாந்துக்குப் போய் ந்யால் ஆகி, நார்மன்களோடு திரும்பி வந்து நைஜல் ஆன பெயரும் இதுவே.

தீவுக்குரிய நீல், மெட்ராஸ் ஃப்யூஸிலியர்ஸ் படையின் ஜேம்ஸ் நீல். 1857 ஜூனில் காசியிலும் அலகாபாத்திலும் அவர் ஆணையின்கீழ் நடந்த தூக்குகளுக்கும், வழிநெடுகக் கொளுத்தப்பட்ட கிராமங்களுக்கும், வெள்ளைக்காரர்களே எழுதிவைத்த சாட்சிகள் உண்டு. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் இரத்தக் கறையை, பிடிபட்டவர்களை நாக்கால் நக்க வைத்துப் பிறகு தூக்கிலிட்டவர். லக்னோவில் செப்டம்பர் 25 அன்று சுடப்பட்டு இறந்தார். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் ஸ்பென்ஸர் அருகே சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றக் கோரி நீல் சிலை சத்தியாக்கிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலை அம்மாள் உட்படப் பலர் சிறை போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போயிற்று. சென்னை முடித்த வேலை அந்தமானுக்கு வந்து சேர 81 ஆண்டுகள் ஆயின.

ஹேவ்லாக்கும் நீலும் உயிரோடு இருந்தபோது ஒத்துப்போனவர்கள் அல்ல. கான்பூரில் யார் பெரியவர் என்ற தகராறு. ஹேவ்லாக் லக்னோ போகும் வழியில் பின்வாங்கியதைக் கண்டித்து நீல் ஒரு கடிதம் எழுத, அவர் இவரைக் கடுமையாகக் கண்டித்துப் பதில் எழுதினார். பிறகு ஒன்றரை நூற்றாண்டு, நடுவில் கொஞ்சம் கடலை வைத்துக்கொண்டு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள்.

நீல் பெயர் போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை. ஹேவ்லாக் விஷயத்தில் மனம் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறது. ஜெனரல் போகட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்த, மீனவன் தூக்கி வந்த பையனும் சேர்ந்து போகிறான். அகதிகளின் தீவுக்கு அவன் பெயர் பொருந்தித்தான் இருந்தது. மொழிபெயர்ப்பாளனின் சபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பெயர்களும் சற்று இடம் மாறித்தான் வந்திருக்கின்றன. 1943 டிசம்பர் 30-ல், ஜப்பானியர் வசம் தீவுகள் இருந்தபோது, நேதாஜி போர்ட் பிளேரில் தேசியக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிகோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் வைத்தார். இரண்டு பெரிய தீவுக் கூட்டங்களுக்கு அவர் வைத்த பெயர்கள், 75 ஆண்டு கழித்து அந்தமானுக்குள்ளேயே இருக்கும் இரண்டு சிறு தீவுகளின் மேல் வந்து உட்கார்ந்தன. ஸ்ரீ விஜயபுரம் கதை இன்னும் வேடிக்கை. சோழர் கடற்படையின் தளமாக இருந்த தீவுகள் என்று சொல்லித்தான் அந்தப் பெயரை அறிவித்தார்கள். ஆனால் ஸ்ரீவிஜயம் என்பது ராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்துப் போன எதிரியின் பேரரசு. வெற்றி என்ற பொருளில் வைத்ததாகத்தான் விளக்கம். தஞ்சாவூர்க்காரர் காதில் வேறு மாதிரியும் விழும். போன பெயரான பிளேருக்கு என்ன அர்த்தம் என்றால், ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் களம். வெட்டவெளி, போர்க்களம் இரண்டுக்கும் அந்த ஒரே சொல். நம் களம் போலவே. ராஸ் என்றால் நிலமுனை. ஊர் நிலத்தின் வர்ணனை ஆளுக்குப் பெயராகி, ஆள் பெயர் மறுபடி நிலத்துக்கு வந்த வட்டம் அது.

இவை எதற்கும் முன்னால் இந்தத் தீவுகளுக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? ரிச்சி தீவுகள் அக்கா-பாலே என்ற அந்தமானியக் குடியின் பூமி. பத்துக் குடிகளாக இருந்த பெரிய அந்தமானியரில் ஒரு பிரிவு. ஓடக் கட்டையில் தீவுக்குத் தீவு போய் ஆமையும் மீனும் பிடித்தவர்கள். கைதிக் குடியேற்றம் வந்தபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். பிறகு சிஃபிலிஸ் வந்தது. 1877-ல் அம்மை வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அக்கா-பாலே மொழி பேச ஆளில்லை. அதன் சகோதர மொழியான அக்கா-போவைப் பேசிய கடைசிப் பெண்மணி போ சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். பேச்சுத் துணைக்கு ஆளின்றிப் பறவைகளோடு பேசுவார் என்று அவரிடம் மொழி கற்ற ஆராய்ச்சியாளர் அன்விதா அப்பி எழுதியிருக்கிறார். பெயர் மாற்றக் கோரிக்கைகள் எதிலும் அக்கா-பாலேக்களின் பெயர் வந்ததாக நான் படித்ததில்லை. கேட்க அவர்கள் இல்லை.

திரும்பும் படகில் ஒரு வரைபடம் வாங்கினேன். ரிச்சி தீவுகளில் மூன்று பெயர்களைச் சேர்த்துப் பச்சை வண்ணம் பூசியிருந்தது: ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், அவுட்ராம். மூன்றும் சேர்ந்து ஒரு தேசியப் பூங்கா. அதன் பெயர் ராணி ஜான்ஸி கடல் தேசியப் பூங்கா. அதற்குத் தெற்கே, நீலுக்குப் பக்கத்தில், மனிதர் வசிக்காத ஒரு புள்ளி, அதுவும் சரணாலயம். ஜான்ஸிக் கோட்டையை முற்றுகையிட்டு, குவாலியர் வரை ராணியைத் துரத்திய தளபதியின் பெயர் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: சர் ஹ்யூ ரோஸ் தீவு.